ஓட்டல், சுற்றுலாப் பட்டப்படிப்பில் இரண்டாம் மொழி: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளஸ் 2 முடித்து ஓட்டல் மேலாண்மை, சுற்றுலா மேலாண்மைப் பட்டப்படிப்புகளில் சேருவோர் விண்ணப்பத்தில் முதலில் தடுமாறும் இடம் மொழிப்பாடம். தூத்துக்குடி மாவட்ட மாணவருக்கு இதில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் சுமார் 450 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2025 ஜூலை 26-ல் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுள்ளது. திருச்செந்தூர், மணப்பாடு, ஆதிச்சநல்லூர் என்று பயணிகள் வரக்கூடிய இடங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், வேலைக்கு எந்த மொழி உதவும், அதைப் பட்டப்படிப்பு கற்றுத்தருமா என்ற கேள்வி இயல்பானது. அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

இந்தப் படிப்புகளில் இரண்டாம் மொழி எந்த இடத்தில் வருகிறது?

தமிழகப் பல்கலைக்கழகங்களின் இளநிலைக் கலை, அறிவியல் படிப்புகள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மை மற்றும் சார்புப் பாடங்கள், பகுதி 4 திறன் பாடங்கள் உள்ளிட்டவை, பகுதி 5 நாட்டு நலப்பணி போன்ற விரிவாக்கப் பணிகள். இரண்டாம் மொழி என்று பொதுவாகச் சொல்லப்படுவது பகுதி 1-ஐத்தான்; அதில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, இந்தி, மலையாளம், அரபி போன்ற மொழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஓட்டல் மேலாண்மைப் படிப்பில் இந்த இடத்தில் பெரும்பாலும் பிரெஞ்சு வருகிறது.

பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள எல்லா மொழிகளும் எல்லாக் கல்லூரிகளிலும் கிடைக்குமா?

கிடைக்காது. ஆசிரியர் இருக்கும் மொழியை மட்டுமே கல்லூரி நடத்த முடியும். தூத்துக்குடி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1990-ல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் வருவதால், பாடத்திட்டத்தை அப்பல்கலைக்கழகத்திலும், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியிலும் கேட்டுப் பெறலாம்.

தமிழகத்தின் இருமொழிக் கொள்கைக்கு இது முரணா?

இல்லை. 1968 ஜனவரி 23-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழி வந்த இருமொழிக் கொள்கை பள்ளிக் கல்வி சார்ந்தது. 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலப் பள்ளிக் கல்விக் கொள்கையும் அதையே உறுதி செய்கிறது. கல்லூரியின் பகுதி 1 மாணவர் விருப்பத்துக்கு உட்பட்டது. அதில் தமிழும் எப்போதும் ஒரு தேர்வாக இருக்கிறது.

பிரெஞ்சு எடுத்தால் தமிழைப் படிக்கவே வேண்டாமா?

படிக்க வேண்டும்; பலர் அறியாத விதி இது. பிளஸ் 2 வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுப்பவர் பகுதி 4-ல் ‘சிறப்புத் தமிழ்’ என்ற இரண்டு தாள்களை எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காமல் வந்து வேறு மொழி எடுப்பவருக்கு, ஆறாம் வகுப்புத் தரத்தில் ‘அடிப்படைத் தமிழ்’ இரண்டு தாள்கள் உண்டு. தமிழை எடுத்தவர் இந்த இடத்தில் வேறு துறையின் விருப்பப் பாடம் ஒன்றைப் படிப்பார்.

அப்படியானால் பிரெஞ்சு எடுத்தவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத முடியுமா?

முடியும். பட்டப்படிப்பில் எடுத்த மொழிப்பாடம் விண்ணப்பிக்கத் தடையாகாது. ஆனால், 2021 டிசம்பரில் வெளியான அரசாணைப்படி பத்தாம் வகுப்புத் தரத்திலான கட்டாயத் தமிழ்த் தாளில் குறைந்தது 40 சதவீத மதிப்பெண் பெற வேண்டும். அதில் தவறினால் மற்ற தாள்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படா.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?

மொழிப்பாடம் வேறு, பயிற்றுமொழி வேறு. 2010-ல் வந்த சட்டமும் அதன் 2020 திருத்தமும், பணிக்குரிய கல்வித் தகுதி வரை முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஓட்டல் மேலாண்மைப் பட்டம் பெரும்பாலும் ஆங்கில வழியில் நடப்பதால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் இந்த ஒதுக்கீட்டைக் கோர இயலாது. பகுதி 1-ல் தமிழை எடுத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பிரெஞ்சு எடுத்தால் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை நின்றுவிடுமா?

நிற்காது. இத்தொகையைத் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குத் தகுதி, மாணவர் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த பள்ளியை வைத்தே முடிவாகிறது. அரசுப் பள்ளி மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தை, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் விரிவுபடுத்தும் விழா 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில்தான் நடந்தது. கல்லூரியில் எந்த மொழியை எடுக்கிறார் என்பது நிபந்தனைகளில் இல்லை.

பிரெஞ்சுத் தாளில் அரியர் விழுந்தால் என்ன ஆகும்?

எல்லாப் பகுதிகளிலும் தேர்ச்சி பெற்றால்தான் பட்டம் கிடைக்கும் என்பதால், அந்தத் தாளை முடிக்கும் வரை பட்டச் சான்றிதழ் வராது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தர நிர்ணயம் பொதுவாக ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே செய்யப்படுகிறது. வேலைக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் பகுதி 3 மதிப்பெண்.

பள்ளியில் பிரெஞ்சு எழுத்தைக்கூடப் பார்த்திராதவர் சமாளிக்க முடியுமா?

முடியும். கல்லூரிப் பாடம் எழுத்து, எண், உச்சரிப்பு என்று தொடக்கத்திலிருந்தே நடத்தப்படுகிறது. முதல் பருவத்தில் உச்சரிப்பைக் கவனிக்காமல் விட்டால் பின்னர் திருத்திக்கொள்வது கடினம். பிரெஞ்சில் எழுதுவதும் ஒலிப்பதும் பல இடங்களில் வேறுபடும்.

பிரெஞ்சுக்கு மட்டும் ஏன் இந்த முன்னுரிமை?

நவீன ஓட்டல் சமையலறையின் அமைப்பும் சொற்களும் பிரான்சிலிருந்து வந்தவை. ஒகுஸ்த் எஸ்கோஃபியே வகுத்த சமையலறைப் பணிப் பகுப்பும், 1903-ல் வெளியான அவரது சமையல் நூலும் உலகெங்கும் ஓட்டல் கல்வியின் அடித்தளமாயின. சூ ஷெஃப், மீஸ் ஆன் பிளாஸ், ஆ லா கார்ட் போன்ற சொற்கள் எந்த ஊர் ஓட்டலிலும் புழங்குகின்றன. ஆனால், இந்தச் சொற்களை அறிந்திருப்பது பிரெஞ்சு பேசுவதாகாது. இரண்டையும் ஒன்றாக எண்ணும் குழப்பம் பெற்றோரிடம் அதிகம்.

பட்டப்படிப்பில் மொத்தம் எத்தனை மணி நேரம் மொழி கற்பிக்கப்படுகிறது?

பகுதி 1-க்கு வாரம் 6 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என்ற வழக்கமான அட்டவணைப்படி ஒரு பருவத்துக்கு 90 மணி நேரம் வருகிறது. இரண்டு பருவம் நடத்தினால் 180 மணி நேரம், நான்கு பருவம் நடத்தினால் 360 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் இந்திய மொழி, ஆங்கிலம் இரண்டுக்கும் சேர்த்து 8 கிரெடிட் ஒதுக்குகிறது. கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்றால் அது 120 மணி நேரம்.

ஏ1, பி1 என்று சொல்லப்படும் நிலைகள் யாவை?

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட பொது அளவுகோல் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. ஏ1 என்பது தன்னை அறிமுகம் செய்து எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலை. பி1 வந்தால் எதிர்பாராத சூழலிலும் ஓரளவு பேசிச் சமாளிக்கலாம். ஆங்கிலத்துக்கு கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் மதிப்பீட்டில், வகுப்பறைப் பயிற்சி ஏ2-க்கு 180 முதல் 200 மணி நேரமும் பி1-க்கு 350 முதல் 400 மணி நேரமும் தேவை. ஆகவே, நான்கு பருவம் முழுமையாக நடந்தால் பி1-ஐ நெருங்கலாம். இரண்டு பருவத்தில் ஏ2 வரை வரலாம்.

கல்லூரித் தேர்வில் தேறினாலே அந்த நிலையை எட்டியதாகக் கருதலாமா?

கருத முடியாது. பல்கலைக்கழகத் தேர்வு பெரும்பாலும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு; மொழிபெயர்ப்பும் இலக்கணமும் எழுதி 75 சதவீத மதிப்பெண் வாங்கியவர், வரவேற்பு மேசையில் ஒரு வாக்கியத்துக்குத் திணற நேரலாம். டெல்ஃப் என்னும் பிரெஞ்சுத் தேர்வும் ஜெர்மன் மொழிக்கான கோதே நிறுவனத் தேர்வும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சோதிக்கின்றன. பேச்சுக்கு மதிப்பெண் இல்லாத பாடத்திட்டம் இந்தத் தொழிலுக்குப் போதாது.

ஜப்பானிய மொழித் தேர்வும் இப்படித்தானா?

இல்லை. ஜே.எல்.பி.டி. எனப்படும் அத்தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளில், இந்தியாவில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கிறது. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது; எனவே சான்றிதழ் இருந்தாலும் நேர்முகத் தேர்வில் ஓட்டல்கள் தனியே பேசச் சொல்லிப் பார்க்கின்றன.

சான்றிதழ்கள் எத்தனை ஆண்டு செல்லுபடியாகும்?

டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. கொரிய மொழிக்கான டோபிக், ஆங்கிலத்துக்கான ஐ.இ.எல்.டி.எஸ். ஆகியவற்றின் முடிவுகள் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். முதலாம் ஆண்டிலேயே அவற்றை எழுதினால் பட்டம் பெறும்போது பயன்படாமல் போகலாம்.

இந்தத் தேர்வுகளுக்கு எங்கே செல்ல வேண்டும்?

பிரெஞ்சுக்கு, சென்னையில் 1953 முதல் இயங்கும் அலையன்ஸ் பிரான்சேஸ் மையத்திலும் புதுச்சேரி மையத்திலும் வகுப்பும் தேர்வும் உண்டு. ஜெர்மனுக்குச் சென்னை கோதே நிறுவனம் இருக்கிறது. இணையவழி வகுப்புகள் வந்திருப்பதால் தூத்துக்குடி மாணவர் படிப்பதற்காகச் சென்னையில் தங்க வேண்டியதில்லை. தேர்வுக்குச் செல்லும் செலவை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

கட்டணமின்றிக் கற்க வழி உண்டா?

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் ஜெர்மன், ஜப்பானிய மொழிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் பெறக் கல்லூரி அனுமதிக்கலாம். இது தானாக நடக்காது. பாடத்தில் சேரும் முன்பே கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாத அயல்மொழிச் சான்றிதழ்ப் படிப்புகளையும் பட்டப்படிப்போடு சேர்த்துப் படிக்கலாம்.

தேசிய கவுன்சிலின் கீழ் வரும் ஓட்டல் மேலாண்மை நிறுவனங்களில் சேர மொழி நிபந்தனை என்ன?

தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சிலின் கீழ் வரும் சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி நிறுவனங்களுக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் 2-ல் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருப்பது கட்டாயம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த மாணவருக்கு இது உண்மையான பாதிப்பு. ஆங்கிலப் பகுதிக்கு அவர்கள் முன்கூட்டியே தயாராவது அவசியம்.

இந்தி தெரிந்தால்தான் ஓட்டல் வேலை என்று சொல்லப்படுகிறதே?

அப்படி எந்த விதியும் இல்லை. வட மாநில விருந்தினர் அதிகம் வரும் ஓட்டல்களில் பேச்சு இந்தி ஒரு கூடுதல் தகுதியாகப் பார்க்கப்படுகிறது. 1918-ல் தொடங்கிய தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி மற்றும் ஆகஸ்ட் மாதங்களில் நடக்கின்றன; விரும்புவோர் எழுதலாம்.

தூத்துக்குடியிலேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு எந்த மொழி உதவும்?

கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் தமிழகத்தில் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணியர் வருகை சுமார் 49.5 கோடி, வெளிநாட்டவர் வருகை சுமார் 68.7 லட்சம். அதாவது ஒரு வெளிநாட்டவருக்கு 72 உள்நாட்டவர் என்ற அளவு. திருச்செந்தூர் முருகன் கோயிலையும் நவதிருப்பதியையும் நம்பி நடக்கும் விடுதிகளில் தமிழும் நல்ல ஆங்கிலமுமே முதல் தேவை. அண்டை மாநில மொழி ஒன்று அடுத்தது. ஐரோப்பிய மொழி பயன்படும் இடம் வழிகாட்டிப் பணியும், வெளியூர்ப் பெரிய ஓட்டல்களும்.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல் ஊழியர்களுடன் எந்த மொழியில் பேசுவது?

ஆங்கிலத்தில். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் எந்த நாட்டவர் இருந்தாலும், கடல்வழித் தொடர்புக்கான பொது மொழி ஆங்கிலமே. சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதற்கான நிலையான சொற்றொடர்த் தொகுப்பை 2001-ல் ஏற்றது. ஊழியர் மாற்றத்தின்போது அறை கொடுக்கும் ஓட்டல்களுக்குத் தெளிவான, எளிய ஆங்கிலம் போதும்.

கொழும்புக்குக் கப்பல் விட்டால் சிங்களம் தேவைப்படாதா?

தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் 2011 ஜூன் 13-ல் தொடங்கி அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023 அக்டோபரில் தொடங்கிய இலங்கைக் கப்பல் சேவை நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலானது; அங்கு இரு கரையிலும் தமிழே போதும். ஆகவே சிங்களத்தை மட்டும் நம்பிப் படிக்க இப்போதைக்குக் காரணமில்லை.

ஓட்டலில் உண்மையில் எத்தகைய பேச்சு தேவைப்படுகிறது?

வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தை, ஓட்டல்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று அழைக்கும் படிவத்தில், குடியேற்றத் துறைக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கு செல்கிறார் என்ற கேள்விகளை அவர் மொழியில் கேட்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உணவு மேசையில் இன்னும் கவனம் தேவை: ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டுள்ள 14 ஒவ்வாமைப் பொருள்களில் நண்டு, இறால், மீன், கணவாய், எள், நிலக்கடலை எல்லாம் உண்டு. நண்டு மசாலாவும் கணவாய் வறுவலும் பரிமாறும் இந்தக் கடற்கரையில், பரிமாறுபவர் அந்தப் பெயர்களை விருந்தினரின் மொழியில் சொல்லத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம்.

முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரையைப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டி எதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்?

முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். இப்போது நடப்பது சங்குகுளிப்பு. முத்துக்குளிப்பை நேரில் காட்டுவதாகச் சொல்வது பொய்யான வாக்குறுதி. முத்துச்சிப்பி படியும் ‘பார்’ என்றால் என்ன, மூச்சடக்கி இறங்கியவர் எப்படிச் சிப்பி எடுத்தார், 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செயற்கை முறையில் முத்து வளர்த்தது எப்படி என்பதை எளிய வாக்கியங்களில் சொல்லப் பழக வேண்டும். போர்ச்சுக்கல் நாட்டு அண்டிரிக் அடிகளார் இக்கரை மக்களிடமே தமிழ் கற்று, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இதே கரையிலுள்ள புன்னைக்காயல் வரும் ஐரோப்பியர் கேட்க விரும்பும் வரலாறு இது. கல்லூரிப் பிரெஞ்சுப் பாடத்தில் இவற்றைப் பற்றி ஒரு பாடமாவது சேர்ப்பது பாரிஸ் நகரத் தெருக்களை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

வழிகாட்டிக்கு எந்த அயல்மொழிகள் பயன்படும் என்பதை எப்படி அறிவது?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 1363 உதவி எண் 2016 முதல் இந்தி, ஆங்கிலம் தவிர 10 மொழிகளில் இயங்குகிறது: அரபி, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், சீனம், போர்ச்சுகீசியம், ரஷ்யம், ஸ்பானிஷ். அரசு எந்த மொழிகளைத் தேவையெனக் கருதுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி.

உல்லாசக் கப்பலில் வேலைக்கு என்ன தேவை?

பயணிகள் கப்பலில் சமையலறை, உணவுச் சேவைப் பணியாளரும் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகிய, எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் சர்வதேசக் கடற்பணியாளர் விதிகளின்படியான அடிப்படைப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். மொழியில் முதலில் சோதிக்கப்படுவது ஆங்கிலம். பல நிறுவனங்கள் மார்லின்ஸ் என்னும் ஆங்கிலத் தேர்வைக் கேட்கின்றன. ஆள் எடுக்கும் முகவரிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்றவர் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது. ‘மொழிப் பயிற்சிக் கட்டணம்’ என்ற பெயரில் கேட்டாலும் எச்சரிக்கை தேவை.

ஜப்பான், ஜெர்மனி செல்ல எந்த நிலை போதும்?

ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவில் தங்கும் விடுதி, உணவகப் பணிகள் உண்டு. அதற்கு ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எப்.டி. பேசிக் என்னும் மொழித் தேர்வில் தேர்ச்சியுடன் தொழில்திறன் தேர்வும் தேவை; முதல் வகை விசாவில் மொத்தம் 5 ஆண்டு வரை பணியாற்றலாம். ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் தரும் வேலை தேடும் வாய்ப்பு அட்டைக்கு, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்லது தொழிற்பயிற்சியுடன் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 கேட்கப்படுகிறது. அட்டை பெற மட்டுமே ஏ1 போதும். விருந்தினரிடம் பேசும் வேலைக்குப் போதாது.

கல்லூரியில் பணம் கட்டும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மொழிப்பாடம் எத்தனை பருவம், வாரம் எத்தனை மணி நேரம், பேச்சுத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், முடிவில் எந்த நிலையை எட்ட முடியும், ஆசிரியர் அந்த மொழியில் நெட் அல்லது செட் தகுதி பெற்றவரா என்று கேட்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள மொழிப் பட்டியலை நம்பாமல், பாடத்திட்ட நகலை வாங்கிப் பார்ப்பது நல்லது. வெளித்தேர்வுக் கட்டணம் கல்லூரிக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.